சாலைக்குப் பணம் நம்முடையது. கணக்கும் நமக்கு வேண்டும்!

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊர்ச் சாலை குண்டும் குழியுமாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தேநீர்க் கடையில் அமர்ந்து அரசாங்கத்தைத் திட்டுகிறோம். பிறகு கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். அந்தச் சாலைக்குரிய பணம் யாருடையது, எந்த வாசல் வழியாக வருகிறது, எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

பணம் நம்முடையதுதான். ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929-லேயே பெட்ரோல் வரியிலிருந்து சாலைக்கென ஒரு நிதி உருவானது. 2000-ஆம் ஆண்டு அதற்குத் தனிச் சட்டமே வந்தது. பெட்ரோல், டீசல் மீது செஸ் விதித்தார்கள். 2018-இல் அந்த நிதியின் பெயரில் 'உள்கட்டமைப்பு' என்ற சொல்லையும் சேர்த்து, சாலையல்லாத பணிகளுக்கும் வழி திறந்தார்கள். மற்ற வரிகளை நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கிடும். செஸ் அந்தப் பங்கீட்டில் சேராது. சரக்கு வண்டிக்கு டீசல் போடும் வியாபாரி இதை அறிந்திருக்க வேண்டாமா?

அடுத்த உண்மை: தன் பங்கைக் கொண்டுவராதவனுக்கு மானியம் எளிதில் கிடைப்பதில்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றிய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு என்று ஆகிவிட்டது. ஊர் அளவிலும் அதே கதைதான். 1990-களில் தமிழ்நாட்டில் தொடங்கி, 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுப்பணிகளுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும். 9 லட்ச ரூபாய் வேலை என்றால் நாம் 3 லட்சம், அரசு 6 லட்சம்.

நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு கேள்வி! கடைவீதியால் 3 லட்சம் திரட்ட முடியும். கூலித் தொழிலாளர் வாழும் தெருவால் முடியுமா? நம் வாசலுக்கு மட்டும் பங்கு கட்டினால், இருக்கிறவனுக்குச் சாலையும் இல்லாதவனுக்குச் சேறும் மிஞ்சும். அந்தத் தெருவிலிருந்துதானே நம் வாடிக்கையாளர் வருகிறார்? அந்தத் தெருவுக்கும் சேர்த்துப் பங்கு கட்டுவதே வணிகருக்கு அழகு, வியாபாரத்துக்கும் நல்லது.

மானியம் ஒன்று, கடன் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மதுரையைப் பாருங்கள். உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை மாநகராட்சி கடன் வாங்கிப் போட்டது. அந்தக் கடனைச் சமாளிக்க 2001-இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. திருப்பிச் செலுத்த வழி? வண்டிகளிடம் சுங்கம்! ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் காலில் நின்று இவ்வளவு பெரிய சாலையைப் போட முடியும் என்று காட்டியது மதுரை. அதே நேரத்தில், லாரி வாடகையிலும் அரிசி மூட்டை விலையிலும் அந்தச் சுங்கம் வந்து சேர்ந்தே தீரும். எனவே கடன் சாலை வரும்போது, 'சுங்கம் எவ்வளவு? எந்த ஆண்டு வரை?' என்று முதல் நாளே கேட்க வேண்டும். சாலை போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

இளைஞர்களே! கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் சாலையையும் பாலத்தையும் உள்ளாட்சிகளுக்குரிய பணிகளின் பட்டியலில் வைத்தன. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டும் திட்டங்களை ஒன்றிணைக்க மாவட்டத் திட்டக் குழுவையும் ஏற்படுத்தின. ஓர் ஊரைத் தாண்டிப் போகும் சாலைக்கு ஓர் ஊராட்சியின் குரல் போதாது. அந்தச் சாலை தொடும் ஊர்கள் எல்லாம் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி, மாவட்டத் திட்டக் குழுவின் முன் வைக்க வேண்டும். அங்கே 'எங்கள் மஹல்லா, உங்கள் தெரு' என்ற பேச்சுக்கு இடமில்லை. சாலை எல்லோருடையது.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். அவற்றில் எத்தனைக்கு நாம் போயிருக்கிறோம்? திருமண மண்டபம் நிறைய வரும் நாம், கிராம சபையில் பத்துப் பேர்கூட இல்லையென்றால், நம் சாலை பட்டியலில் ஏறுமா?

போகும்போது நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இது மானியமா, கடனா? உள்ளூர்ப் பங்கு எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து? மதிப்பீட்டின் நகல் எங்கே? போட்ட சாலையை ஒப்பந்தக்காரர் எத்தனை ஆண்டு பராமரிக்க வேண்டும்? பிரதமர் கிராமச் சாலைகளில் அது ஐந்தாண்டு. ஐந்தாண்டுக்குள் பெயர்ந்தால் அவரே சீர்செய்ய வேண்டும்!

வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். பொதுவாக முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

வணிகர்களே! நாள்தோறும் இரவு கல்லாவை எண்ணி, ஒரு ரூபாய் குறைந்தாலும் தூங்காதவர்கள் நீங்கள். அந்தக் கணக்குத் திறமையை ஊர்ச் சாலைக்கும் கொஞ்சம் கொடுங்கள். இளைஞர்களே! அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் முதல் வரிசையில் போய் உட்காருங்கள்.