தொப்பியில் நிற்கும் யானை

தலைமை உரை நீண்டால் முதல் கட்டுரையாளருக்குத் தேநீர் நேரம்தான் மிஞ்சும். அப்படி மாட்டிக்கொண்டவன் நான். ஆகவே ஒரே ஒரு வில்லையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இதோ, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறேன். மதராஸ் ரெஜிமென்ட்டின் தொப்பி வில்லை. கேடயம், குறுக்காக இரண்டு வாள்கள், யானை. ஹவில்தாராக ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுடையது. வருஷக்கணக்காக பிராஸோ போட்டுத் தேய்த்ததில் யானைக்குக் கண் போய்விட்டது. தந்தம் இருந்த இடத்தில் விரல் வழுக்குகிறது.

இந்த யானை பிறந்த ஊர் நீலகிரியும் இல்லை, முதுமலையும் இல்லை. இன்றைய மகாராஷ்டிரத்தில், ஜால்னா மாவட்டத்தில் இருக்கும் அசாயே என்ற சிற்றூர். 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையிலான கம்பெனிப் படை, சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் திரட்டிய மராட்டியப் படையை அங்கே வென்றது. வென்ற தரப்பிலேயே மாண்டவர்களும் காயம்பட்டவர்களுமாக 1,500 பேருக்கு மேல். சென்னை மாகாணச் சிப்பாய்கள் அதில் ஏராளம். போரிட்ட அணிகளுக்கு அசாயே என்ற பெயரும் யானைச் சின்னமும் கிடைத்தன. அப்போதைய கவர்னர் ஜெனரல் வேறு யாருமல்ல, வெல்லெஸ்லியின் அண்ணன்தான்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் 74ஆம் ரெஜிமென்ட்டும் இதே யானையைச் சுமந்தது. அவர்களுக்கு அது கடல் கடந்து போய்ச் சண்டையிட்ட தேசத்தின் குறி. நம் ஊர்ச் சிப்பாய்க்கோ கோயில் வாசலில் வாழைப்பழம் வாங்கித் தின்னும் பிராணி. உருவம் ஒன்று, பார்த்த கண்கள் வேறு. ஆனால் நம் ஆய்வுகளில் பெரும்பாலானவை உருவத்தை அளந்து எழுதிவிட்டு, கண்களைப் பற்றிப் பேசாமலே முடிந்துவிடுகின்றன. இது என் நெடுநாள் மனக்குறை.

சின்னம் எதற்கு என்ற கேள்விக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் விடை வைத்திருக்கிறது. சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேப்பம்பூ, சோழருக்கு ஆத்திப்பூ. போர்க்களத்தில் இன்ன வேந்தனின் படை என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பூக்கள். பூ அன்று மாலையே வாடிவிடும். உலோகம் வாடுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போர் முடிந்து, அரசு மாறி, எதிரி உறவினனான பிறகும் வில்லை தொப்பியிலேயே இருக்கிறது.

விடுதலைக்குப் பின், ஆங்கிலேயர் இந்தியாவை அடக்கிய போர்களில் கிடைத்த விருதுகளைக் கொண்டாடத் தகாதவை என்று இந்திய ராணுவம் ஒதுக்கியது. அசாயேயும் அந்தப் பட்டியலில்தான் சேரும். மகுடச் சின்னங்கள் இறங்கி, அசோகரின் சிங்கங்கள் ஏறின. யானை மட்டும் நகரவில்லை. அதைவிட வேடிக்கை, இந்த ரெஜிமென்ட்டின் தலைமை மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. அசாயேயில் வென்ற அதே வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். ஊரின் பெயர் அவருடையது. அதற்கு முன் ஜகதளா என்ற படுகர் ஊரின் பெயரால் வழங்கிய இடம் அது.

பெரியப்பாவிடம் ஒருமுறை கொஞ்சம் கர்வத்தோடு கேட்டேன்: “இந்த யானை மராட்டியரை ஜெயிச்சதுக்கு வெள்ளைக்காரன் குடுத்தது, தெரியுமா பெரியப்பா?” வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. “எங்க மெஸ்ஸுல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவனே மராட்டிக்காரன்டா. யானைன்னா நிக்கிறது. என்ன விழுந்தாலும் நிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நின்னோம்.”

துணிவு, பொறுதி, உடல்வலு என்று ரெஜிமென்ட் இன்று யானைக்குச் சொல்லும் பொருளும் ஏறக்குறைய அதுதான். பொன்மொழி கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். போர்முழக்கமோ ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’. தமிழன், மலையாளி, கன்னடன் மூவருக்கும் ‘கொல்லு’வுக்கு அகராதி வேண்டாம். பொன்மொழிக்குத்தான் பெரியப்பா யாரிடமோ அர்த்தம் கேட்டு, நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

இந்த இரண்டு நாளும் கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சின்னத்தை வழங்கிய ஆணையைத் தேடும்போதே, அதைத் தினமும் தேய்த்தவர் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். அதற்குள் வில்லை முன்வரிசையிலிருந்து கைமாறி வரட்டும். பின்பக்க வளையம் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள்.