பாட்டு ஓடும், காசு யார் கணக்கில?

(தஞ்சாவூரில் பறைக் கலைஞர்களும் இளம் பாடகர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பாட்டுக்காரன் இல்லை. கவிதை எழுதுகிறவன்; சோத்துக்கு பேங்க்கில கிளார்க். என்னைப் பேசக் கூப்பிட்டது கவிதைக்காகவா பேங்க்குக்காகவா தெரியவில்லை. ரெண்டையும் வைத்தே பேசுகிறேன்.

போன மாசம் எங்க தெருப் பையன் ஒருத்தன் கவுண்டருக்கு வந்தான். பணம் கட்ட வரவில்லை. செல்லை நீட்டி, "அண்ணே, நானே போட்ட பாட்டு. இது ஓடுமான்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றான். மெட்டு நடவு மெட்டு, யார் போட்டதென்று யாருக்கும் தெரியாது. சொல்லில் பாதி அவன் ஆயா வயலில் நின்று கட்டியது. மீதி இவன் கட்டியது. கூடவே ஒரு கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத் தாள். 15,000 ரூபாய், எல்லா உரிமையும், எக்காலத்துக்கும், உலகம் முழுக்க. பாடலாசிரியர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பாரம்பரியம்' என்று அடித்திருந்தது.

முதலில் அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓடுமா?

நடவு எப்படி நடந்தது என்று இங்கே உள்ள அம்மாக்களுக்குத் தெரியும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு கையோடு சேரவில்லை என்றால் அடுத்த வரப்புக்குள் அதை விட்டுவிட்டு வேறு பாட்டு எடுப்பார்கள். சேற்றில் குனிந்து நிற்கிற இடுப்புதான் தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் முதல் நொடியிலேயே ஆளைப் பிடி என்கிறார்கள். நம்ம ஆயாக்கள் பொழுது சாய்கிற வரை பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பரீட்சையில் தேறிய மெட்டு ஓடுமா என்று ஸ்டூடியோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருவர் சந்தேகப்படுகிறார். நாமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எல்லாப் பாட்டும் ஓடும் என்று நான் சொல்லவில்லை. செத்தவர் பேரைச் சொல்லி அழுகிற ஒப்பாரி அந்த வீட்டுக்கானது. அது சந்தைக்குப் போகவில்லை என்றால் குறை ஒன்றும் இல்லை. ஓடாத பாட்டு மட்டமான பாட்டு என்கிற நினைப்பை முதலில் நம்மிடமிருந்து கழற்ற வேண்டும்.

சரி, ஓடிய பாட்டின் கதை என்ன? 'எஞ்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. மாஜா என்கிற நிறுவனம் வெளியிட்டது. யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்த்தார்கள். அதற்குள் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் திரும்பியவர்களின் கதை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதியது. தலைகளை எண்ணினார்கள், பாட்டை யாரும் எண்ணவில்லை. 'என் சாமி' என்பது நம் பக்கத்தில் மிராசுதாரைக் கும்பிட்டுக் கூப்பிட்ட வாய், வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைக் கொஞ்சிய சொல். இது ஓடுமா என்று முன்கூட்டி எந்தக் கம்பெனியால் கணித்திருக்க முடியும்?

ஓடிய பிறகுதான் சண்டை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தான்தான் என்று அறிவு எழுதினார். மெட்டில் தீக்குப் பங்குண்டு, இது மூவரின் கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே, மூன்று வருஷமாகியும் இந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 40 கோடி பார்வைக்கு மேல் போன பாட்டுக்கே இந்தக் கதி என்றால், தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நம் பையனுக்கு என்ன கதி?

பேங்க்கில் கடன் மனுவைப் பார்க்கும்போது ரெண்டு கேள்வி: வருமானம் வருமா? வந்தால் யார் கணக்கில விழும்? பாட்டைப் பற்றி நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். ரெண்டாவதற்குச் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் தங்களுக்குள்ள பங்கை எழுதிக் கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினால் செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் 'எக்காலத்துக்கும்', 'உலகம் முழுக்க' என்று மறக்காமல் அடிக்கிறார்கள்.

'பாரம்பரியம்' என்கிற சொல்லின் சூதும் இங்கேதான். பழைய பொது மெட்டுக்கு யாரும் தனி உரிமை கேட்க முடியாது. ஆனால் அதன்மேல் புதிதாகச் சொல் கட்டியவர் ஆசிரியர்தான். அவரைப் பாரம்பரியம் ஆக்கிவிட்டால் ராயல்டி கேட்க ஆளே இல்லை. உயிரோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற கிழவியைப் பாரம்பரியம் என்று எழுதுவது, அனுபவித்து வந்த நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதுகிற அதே கை.

பையனிடம் சொன்னேன்: "பாட்டு நல்லாருக்குடா. 'பாரம்பரியம்'னு இருக்கறத அடிச்சிட்டு ஒம்பேரையும் ஆயா பேரையும் எழுதச் சொல்லு. காலத்த அஞ்சு வருஷமாக் கொறைக்கச் சொல்லு." அவன் தலையைச் சொறிந்தான். "கேட்டா வேணாம்னு போயிட்டா என்னண்ணே பண்றது? ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கு." அந்த 15,000 அவன் வீட்டில் சின்னக் காசு இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. பாட்டை அடமானமாகப் பிடிக்க எங்கள் படிவத்திலும் கட்டம் கிடையாது. திருத்திய தாளை அனுப்பிவிட்டான். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

அவன் தனியாகக் கேட்டதால்தான் பயந்தான். நாம் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பயம் இடம் மாறும். ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பாட்டு, சொல் யார் கட்டியது, எந்தத் தெரு, எந்த வருஷம், எல்லாம் எழுதுங்கள். ஆயாக்களின் பெயரை முதலில் எழுதுங்கள். பாடச் சொல்லிப் பதிவு செய்து தேதியோடு வையுங்கள். தாள் எதுவும் வந்தால் கையெழுத்துக்கு முன்னால் இந்த அமைப்புக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். என்னிடமும் வரலாம். கவுண்டர் மூடிய பிறகு வாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.