கூரை யாருக்கு?



சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் ஒரு பங்கில் ஒரு மாதம் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். ஒருநாள் அங்குள்ள பங்குத்தந்தை ஒரு பழைய மரப்பாலத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கார்னிஷ் என்ற சிற்றூரையும் வெர்மாண்ட் மாநிலத்தின் வின்ட்சர் என்ற ஊரையும் இணைத்து, கனெக்டிகட் ஆற்றின்மேல் நிற்கிறது அது. 1866இல் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 450 அடி. வீட்டுக்குப் போடுவதுபோல் முழுவதும் கூரை, இருபுறமும் பலகைச் சுவர். இன்றும் அதன் வழியாகக் கார்கள் போகின்றன.

"போகிறவர்கள் நனையாமல் இருக்கத்தான் கூரையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இல்லை ஃபாதர். கூரை நமக்கில்லை, பாலத்துக்கு!"

உள்ளே நடந்தபோது காட்டினார். இரண்டு பக்கமும் சாய்வாக, வலை பின்னியதுபோல் மரச்சட்டங்கள். பாலத்தின் பாரம் முழுவதையும் அவைதான் தாங்குகின்றன. மழையும் வெயிலும் பட்டால் பத்து, இருபது ஆண்டுகளில் மரம் உளுத்துப்போகும். கூரை இருந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். சொல்லப்போனால், கூரையால் பயணிகளுக்குத் தொல்லையும் இருந்தது. அந்தக் காலத்தில் பனிச்சறுக்கு வண்டிகள் ஓடப் பாலத்துக்குள் பனி இருக்காது. ஆட்களை வைத்து உள்ளே பனியை அள்ளிப் போட்டார்களாம்! அப்படியும் கூரையை எடுக்கவில்லை. தாங்குகிற மரம் பிழைக்க வேண்டுமே.

அந்தச் சட்டங்களைத் தொட்டபோது என் அக்காவின் நினைவு வந்தது. அப்பா இறந்த பிறகு, நான் குருமடத்தில் படிக்க, வீட்டைத் தாங்கியவர் அவர். நான் அவர்மேல் நடந்து அக்கரை சேர்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி நான் கேட்டதே இல்லை. அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன். வழக்கம்போல், "சாப்பிட்டீங்களா சாமி?" என்றார். "அக்கா, உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "வலிக்குது தம்பி" என்றார். நான் குருவான நாளிலிருந்து என்னைச் 'சாமி' என்றே அழைத்தவர், அன்றுதான் மறுபடி 'தம்பி' என்றார்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்று புனித பவுல் கற்பிக்கிறார். அங்கே அவர் எழுதும் கிரேக்கச் சொல் 'ஸ்டெகெய்'. கூரையைக் குறிக்கும் 'ஸ்டெகே' என்ற சொல்லின் உறவு அது. தாங்குவது மட்டுமல்ல, மூடிக் காப்பதும் அன்புதான்.

பிரியமானவர்களே, நம் வீட்டைத் தாங்குகிறவர் யார்? எல்லாரும் உண்டபின் உண்ணும் அம்மாவா? வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் மகனா? படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளா? "அவர் தாங்கிக்கொள்வார்" என்று நாம் விட்டுவிடுகிறோம். தாங்குகிற மரமும் உளுத்துப்போகும். இன்று ஒருமுறை அவரிடம், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்களைத் தாங்குகிறவர்களுக்கு எங்களைக் கூரையாக்கும். ஆமென்.