ஓர் ஓட்டல் கதையும் நம்மவர் கருத்தும்



நம் சங்கத்துப் படிப்பு வட்டத்தில் இவ்வாண்டு மிகுந்த வாதத்திற்கு இடமளித்த நூல், விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் எழுதி 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆதர்ச ஹிந்து ஹோட்டல்’ என்னும் வங்க நாவலாகும். ‘பதேர் பாஞ்சாலி’யைப் படைத்த கையே இதனையும் எழுதிற்று. வங்க எழுத்து அறிந்தோர் தாமே படித்தனர். அறியாதோர் பள்ளி செல்லும் தம் மக்கள் படித்துச் சொல்லக் கேட்டனர்.

கதை எளியது. ராணாகாட் ரயிலடியை அடுத்து ஒரு சாப்பாட்டு விடுதி. அங்கே சொற்பச் சம்பளத்திற்குச் சமைப்பவர் ஹாஜாரி. பத்மா என்னும் பணிப்பெண்ணின் ஏச்சையும் முதலாளியின் கெடுபிடியையும் பொறுத்துக்கொண்டு, ஓய்வு வேளையில் சூர்ணி ஆற்றங்கரையில் அமர்ந்து, தமக்கென ஒரு விடுதி அமைக்கக் கனாக் காண்கிறார். திருட்டுப் பழி சுமந்து வேலையையும் இழக்கிறார். முடிவில் கனவு பலிக்கிறது. தோழர் வம்சி அடுப்படியில் துணை நிற்கிறார். வந்தவரை ஏய்க்காது வயிறார உண்பிப்பதே இவ்விடுதியின் வெற்றி இரகசியம்.

இதைப் பற்றி நம்மவர் கருத்துகள் பலவாயின. “இது பாயசம் போன்ற கதை, நல்லவர்க்கு எல்லாம் நல்லதாகவே முடிகிறது, உலகம் இப்படியா இருக்கிறது?” என்றனர் ஒரு சாரார். “பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரவில் படிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?” என்றனர் மறு சாரார்.

தாய்மார்கள் சொன்னதோ ஆடவர் எவரும் எண்ணாதது. ஹாஜாரிக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டனர். பால் விற்றுப் பிழைக்கும் கைம்பெண் குசுமும், ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் அதசியும் நம்பிக் கொடுத்த பணம் அது. அஞ்சறைப் பெட்டியில் சேர்ந்த காசுக்கும் ஒரு நாவலில் இடம் கிடைத்ததே என்று அவர்கள் மகிழ்ந்தனர். அக்காசின் அருமை நம் காலனி வீடுகளுக்குத் தெரியாததன்று.

நம் கருத்தையும் கூறிவிடுகிறோம். இக்கதை இனிப்பே, ஆயினும் வெறும் இனிப்பன்று. தம்மை இழிவுபடுத்திய முதலாளியும் பத்மாவும் நொடித்து வந்து நின்றபோது, ஹாஜாரி பழி தீர்க்கவில்லை, வேலை கொடுக்கிறார். அழவைக்கும் கதைகள் பலவற்றினும் இது கற்பிப்பது மிகுதி.

முடிவும் எண்ணத்தக்கது. கனவு கைகூடிய அவ்வேளையிலேயே ரயில்வே ஓட்டல் பணியை ஏற்று அவர் பம்பாய்க்குப் புறப்படுகிறார். “திரும்பி வருவாரா?” என்று நம் பிள்ளைகள் கேட்டனர். பெரியோர் எவரும் விடை கூறவில்லை. மூன்றாண்டில் திரும்புவோம் என்று ஊரில் சொல்லிவிட்டுப் புறப்பட்டு, முப்பதாண்டு கடந்தோர் இவ்வவையில் பலர் உளர். சிரித்துக்கொண்டே படித்த நூல் நம்மை வாயடைக்கச் செய்த இடம் அது.

ஆதலின், நகைச்சுவை கலந்த நூல்களை இளையோர்க்கு உரியவை என்று ஒதுக்காதிருப்போமாக. இந்நூலைப் பிள்ளைகள் மீண்டும் ஒரு முறை உரக்கப் படிக்கட்டும்; வீட்டுப் பெரியோர் அருகிருந்து கேட்கட்டும். பிள்ளைகளின் அந்தக் கேள்விக்கு அப்போதேனும் விடை கூறுவோமாக.