உள்ளே குழிவு, வெளியே புடைப்பு

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி, உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். ரேகை படியும், பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். உள்ளே குழிவு, வெளியே புடைப்பு. நடு தடித்து ஓரம் மெலிந்திருக்கும். இதற்கு மெனிஸ்கஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் குட்டி நிலா. நாம் பிறை வில்லை என்று சொல்லிக்கொள்வோம்.

உங்கள் பவர் +2 என்று வையுங்கள். முன்முகம் +6, பின்முகம் −4, கூட்டினால் +2. இரண்டு பக்கமும் +1 புடைத்த வில்லைக்கும் பவர் அதேதான். பிறகு எதற்கு இவ்வளவு வளைக்க வேண்டும்? கண் ஓரிடத்தில் நிற்பதில்லையே! செய்தித்தாளின் மூலைக்கு அது ஓடும்போது பார்வை வில்லையின் ஓரத்தைச் சாய்வாகக் கடக்கிறது. சாய்ந்து வரும் ஒளி ஒரு புள்ளியில் கூடாமல் இழுபடும். வில்லையே கண்ணைச் சுற்றி வளைந்திருந்தால் அந்தச் சாய்வு குறையும். லண்டனில் விஞ்ஞானி வொல்லாஸ்டன் 1804-லேயே சொன்ன விஷயம் இது. 1812-இல் அவரே இருட்டறைப் பெட்டிக்கும் பிறையைப் பொருத்தினார், குழிந்த முகம் காட்சியைப் பார்க்கும்படி. பிற்காலத்து மலிவான பெட்டிக் கேமராக்கள் பல இந்த ஒற்றை வில்லையை வைத்தே படம் பிடித்தன. நுண்நோக்கியில் இது வேறு வேலை செய்கிறது: பிம்பத்தை அதிகம் கெடுக்காமல் ஒளியை இன்னும் குறுக்கித் தரும் துணை வில்லை.

வில்லையைப் பற்றிக் கொல்கத்தாவிலிருந்து பேசிக்கொண்டு இங்குள்ள ஜாதவ்பூரை விட முடியாது. 1830-இல் இந்த ஊரில் தொடங்கிய நில அளவைக் கருவி அலுவலகம்தான் பின்னால் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆனது. அந்த அலுவலகத்தில் நில அளவைத் தலைவர் எவரெஸ்ட் துரை மிகவும் நம்பிய கைவினைஞர் மோசின் ஹுசேன், ஆற்காட்டுக்காரர். நம் தமிழ்நாட்டுப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கோணம் அளக்கும் தியோடலைட்டை இங்கே பிரித்துப் பூட்டினார்கள். ஆனால் வில்லைக்கான கண்ணாடி கடல் கடந்துதான் வந்தது.

அதை மாற்றியது, 1950-இல் ஜாதவ்பூரில் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம். 1952 முதல் 1966 வரை இயக்குநராக இருந்த ஆத்மாராம் ஒளியியல் கண்ணாடியை இங்கேயே உருக்கிக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி போதாதா என்று கேட்கலாம். மணலில் துளி இரும்பு இருந்தாலும் பச்சை தட்டும், குமிழி நிற்கும், உருக்கும் பானையின் களிமண்ணே கரைந்து கோடு போடும். அதனால் பானை செய்வதே பாதி வித்தை. விடாமல் கலக்கி, மெல்ல ஆறவிட்டு, உடைத்து, தேறிய துண்டுகளைப் பொறுக்கவேண்டும். என்னைக் கேட்டால், வில்லை தேய்ப்பவரின் புகழில் பெரும்பங்கு இந்த உலைக்காரருக்குச் சேர வேண்டும்.

தேய்ப்பவரை அதற்காகக் குறைத்துச் சொல்லவில்லை. பிறையில் இரண்டு வளைவுகளின் மையங்களும் ஒரே பக்கத்தில் விழும். வளைவுகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அந்த மையங்களும் நெருங்கிவிடும். உண்மையான நடு எதுவென்று பிடித்து ஓரம் வெட்டுவது பெரும்பாடு.

துடைத்துவிட்டீர்களா? இப்போது கண்ணாடியைப் பின்முன்னாகத் திருப்பிப் பிடித்து, ஓரத்தின் வழியாக ஒரு வரி படித்துப் பாருங்கள். நடுவில் பெரிய வித்தியாசம் தெரியாது.