எந்த டிப்போ கண்டக்டர்?



திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2005 டிசம்பர் கடைசியில் ஒருநாள், தோளில் பையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தார்.

"எங்க வாத்தியாரே, மெட்ராஸா?"

"ஆமாண்ணே. ஒரு ஆர்கெஸ்ட்ரா கேக்கப் போறேன். பெரிய கண்டக்டர் ஒருத்தர் வந்திருக்கார்."

கொஞ்சம் யோசித்தார். "எந்த டிப்போ?" என்றார்.

கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை பிடிபடவில்லை. நிஜமாகக் கேட்டிருந்தாலும் அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி மேடை போட்டு சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. கண்டக்டர் என்றால் தோல்பையும் விசிலும். நான் பார்க்கப் போன கண்டக்டரிடம் பையும் கிடையாது, விசிலும் கிடையாது. ஒரு மெல்லிய குச்சி மட்டும்தான்.

அவர் பெயர் ஜூபின் மேத்தா. 1936ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மேலி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். பிள்ளை டாக்டராகட்டும் என்று மருத்துவப் படிப்பின் பக்கம் அனுப்பிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 18 வயதில் வியன்னாவுக்குப் போய், அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் இந்த வித்தையைக் கற்றார். 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மானிக்குக்குத் தலைமை ஏற்றபோது வயது 26. பிறகு இஸ்ரேல், நியூயார்க், மியூனிக். நான் பார்த்த வருடம் அவருக்கு 69.

அன்று தேதி டிசம்பர் 26. சுனாமி வந்து சரியாக ஒரு வருடம். தமிழ்நாட்டில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த நினைவு நாளுக்காக, சென்னையின் ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ்முல்லர் பவனும் ஏற்பாடு செய்து, மேத்தா தம்முடைய பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவோடு மியூசிக் அகாடமிக்கு வந்தார். அந்தக் குழு சென்னையில் வாசித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. எங்கள் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் ஊர்ந்து, கோயம்பேட்டில் இறங்கும்போது கால் மரத்துவிட்டது. ஒரு நண்பர் புண்ணியத்தில் நுழைவுச் சீட்டு. பின்வரிசைதான்.

அகாடமி மேடையை முன்பும் பார்த்திருக்கிறேன். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், இன்னொரு பக்கம் மிருதங்கம், பின்னால் தம்பூரா. நாலைந்து பேர் உட்கார்ந்தாலே நிறைந்துபோனதாகத் தோன்றும் மேடை அது. அன்றைக்கு அங்கே நாற்காலிகள், நாற்காலிகள், நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தாள் தாங்கி. கறுப்பு உடையில் ஆட்கள் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் வாசித்துப் பார்த்தார்கள். நம் ஊர்ச் சந்தை இரைச்சல்தான், வேறொன்றுமில்லை. பிறகு ஓபோ என்கிற ஊதுகருவி ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தது. மற்றவர்கள் எல்லாரும் அதோடு தங்கள் வாத்தியத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நமக்குத் தம்பூரா செய்கிற வேலையை அங்கே ஓபோ தொடக்கத்தில் ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. கச்சேரி முழுக்கக் கூடவே வரும் சுருதி அவர்களுக்குக் கிடையாது. எனக்கு அது கொஞ்சம் அநாதையாகத்தான் பட்டது.

மேத்தா வந்தார். வணங்கினார். திரும்பி நின்றுகொண்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது அவருடைய முதுகு. கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாதே என்று சொல்லி வளர்த்த ஊர்க்காரன் நான். பார்க்க வந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் வேலை செய்வதைப் பழகிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.

குச்சி மேலே போனது. சத்தம் இல்லை. சத்தம் வருவதற்கு முன்னால், அந்த ஒரு நொடிக்குள், ஊதுகருவிக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். வில்கள் தந்திக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றன. குச்சி இறங்கிய பிறகுதான் ஒலி.

நாற்பது வருடம் வானொலியில் இசை கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஒரு நொடிதான் புதிது. இதை வானொலியிலேயே உட்கார்ந்து சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை. ரேடியோவில் இசை 'தொடங்குகிறது'. அரங்கத்தில் அது தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது, ஒருவர் கையில்.

நம் தாளத்திலும் தட்டு உண்டு, வீச்சு உண்டு. ஆனால் நாம் தொடையில் போடும் தாளம் பாட்டோடு கூடவே நடக்கிறது. பாடகர் போடுகிறார், கேட்பவரும் போடுகிறார், எல்லாருக்கும் அது பொதுச்சொத்து. மேத்தாவின் கை அப்படி இல்லை. எப்போதும் ஒரு அடி முன்னே போய்க்கொண்டிருந்தது. அவர் காட்டியது இனி வரப்போவதை. காதில் விழுவதற்கும் கண்ணில் படுவதற்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளியைக் கண்டுகொண்ட பிறகு, எனக்கு வேறு எதன்மேலும் கவனம் போகவில்லை.

வலது கை காலத்தைப் பார்த்துக்கொள்கிறது. இடது கைக்குத்தான் வேலை அதிகம். இங்கே அடக்கு, அங்கே எழுப்பு, நீ வா, நீ பொறு. அங்கே ஒவ்வொரு கலைஞர் முன்னாலும் இருப்பது அவரவர் பங்கு மட்டும் எழுதிய தாள். எல்லாருடைய பங்கும் சேர்ந்த முழு ஏடு நடத்துபவருடையது. மேத்தா பல நேரங்களில் அந்த ஏட்டையும் புரட்டாமல் மனப்பாடமாகவே நடத்தக்கூடியவர் என்று பெயர் பெற்றவர். பின்வரிசை டிராம்போன்காரரை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருப்பார். தன் முறை வரும்போது நடத்துபவர் ஒரு பார்வை பார்ப்பார். எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அந்தப் பார்வை வந்தால்தான் நெஞ்சு நிறையக் காற்று வரும்.

ஒரு பகுதி முடிந்தது. நான் கைதட்ட இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். பக்கத்து நாற்காலி அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பகுதிகளுக்கு நடுவே கைதட்டக்கூடாதாம். எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகத்தானாம். நல்ல சங்கதி விழுந்தால் அந்த இடத்திலேயே 'பலே' சொல்கிற ஜாதி நாம். தூக்கின கையை என்ன செய்வது? தலையைக் கோதிக்கொண்டேன்.

இப்படிக் கூட்டத்துக்கு ஒருவர் தலைமை தாங்குவது என்பது மேற்கிலும் ஆதியிலிருந்து இருந்த வழக்கம் இல்லை. வயலின் வாசிப்பவரோ கீபோர்டில் இருப்பவரோ தலையசைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் லூயி மன்னர் அவையில் லுல்லி என்ற இசைக்காரர் பெரிய தடியால் தரையில் தட்டித் தாளம் போட்டார். 1687இல் அப்படித் தட்டும்போது தடி அவர் காலிலேயே விழுந்தது. புண் புரையோடி, சில வாரங்களிலேயே இறந்துபோனார். சத்தமே எழுப்பாத சிறு குச்சி பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். அதனால் எத்தனை கால்கள் தப்பினவோ!

நம் இசையில் இதைச் செய்துபார்க்கவில்லையா என்று கேட்கலாம். செய்தது இதே வானொலிதான். 1952இல் தில்லியில் ஆகாசவாணி 'வாத்ய விருந்தா' என்ற தேசிய வாத்தியக் குழுவைத் தொடங்கியது. பண்டிட் ரவிசங்கரும் நம் டி.கே. ஜெயராம ஐயரும் அதை வழிநடத்தினார்கள். எளிதான காரியமில்லை அது. கமகம் இருக்கிறதே, அதை ஒருவர் அசைப்பதுபோல் இன்னொருவர் அசைப்பதில்லை. முப்பது பேர் ஒரே காந்தாரத்தை ஒரே அளவில் அசைப்பதற்கு எந்தக் குச்சியால் சொல்வது? நம் சங்கீதத்தின் அழகே கூட்டுக்கு இடைஞ்சலாக வந்து நிற்கிறது. பிற்பாடு எம்.பி. சீனிவாசன் குரல்களை வைத்துச் சேர்ந்திசையில் வேறொரு வழி கண்டார். அது தனியாக ஒருநாள் பேசவேண்டிய கதை.

திருவண்ணாமலைக்காரன் பேசும்போது இளையராஜாவைச் சொல்லாமல் விடமுடியாது. ரமணர்மேல் பக்தி கொண்டு எங்கள் ஊருக்கு வருபவர், 'ரமண மாலை' செய்தவர். படப்பாட்டுக்கு அவர் எழுதும் ஸ்வரத் தாளைப் பார்த்தால் முழு ஆர்கெஸ்ட்ராவும் அதில் முன்கூட்டியே வாசித்துக்கொண்டிருக்கும் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு. 2005இல் புடாபெஸ்ட் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துத் திருவாசகம் செய்தார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பனியை ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. அன்று குச்சி பிடித்தவர் மைக்கேல் டாம்ஸ். எழுதியவர் ஒருவர், நடத்தியவர் ஒருவர். நம்மவர்கள் பலருக்கு இது புரியவில்லை, 'ராஜா ஏன் நடத்தலை?' என்று என்னிடமே கேட்டார்கள். நாடகம் எழுதியவர்தான் வேஷம் கட்டவேண்டும் என்றா கேட்கிறோம்?

மேத்தா கதைக்கு வருகிறேன். 2019இல் இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக்கிலிருந்து விடைபெற்றார். நோயிலிருந்து மீண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி நடத்தத் தொடங்கினார். 2023இல், 87 வயதில், பிறந்த ஊரான மும்பைக்கு வந்து இந்திய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். வயது ஏற ஏறக் கையசைவு சுருங்கிக்கொண்டே போவதை இந்தத் தொழிலின் பெரியவர்கள் பலரிடம் பார்க்கலாம். இளம் வயதில் காற்றையே உழுதுவிடுவதுபோல் கை வீசுவார்கள். பிறகு மணிக்கட்டு போதும். கடைசியில் ஒரு விரல், ஒரு புருவம். ஒத்திகையில் முடித்துவிட்ட வேலையை மேடையில் ஞாபகப்படுத்தினால் போதும் என்றாகிவிடும்போல.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, உங்க கண்டக்டரு என்னதான் பண்ணாரு?"

சொன்னேன். எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை, ஆனால் அவர் கை காட்டாமல் ஒருவரும் தொடங்கவில்லை என்றேன். பெரிதாக ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன்.

"இதுல என்ன இருக்கு?" என்றார். "முப்பது வருஷம் நானும் ஸ்டீரிங் தொட்டதில்ல. ரெண்டு விசில் அடிக்காம வண்டி நகருமா? படிக்கட்டுல கெழவி ஏறிட்டாளான்னு டிரைவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

அகாடமியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் சேகரித்ததை ஒரு கிழவியை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார். வில்லை எப்படி இழுப்பது என்று வயலின்காரருக்குத் தெரியும். பின்னால் இருக்கிற டிராம்போன் மூச்சு எடுத்தாயிற்றா என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த கார்த்திகை தீபத்தன்று நானும் அவரும் எங்கள் மொட்டைமாடியில் நின்றிருந்தோம். வேங்கிக்காலிலிருந்து மலை நன்றாகத் தெரியும்; கோயிலுக்குள் நடப்பது தெரியாது. அங்கே மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே வந்து சில நிமிடமே காட்சி தருவார். அகண்ட தீபம் ஏற்றுவார்கள். அந்த அடையாளத்துக்காக 2,668 அடி உயரத்தில், கொப்பரையில் நெய்யும் திரியுமாகக் காத்திருப்பார்கள்.

தெருவில் எல்லா மாடிகளிலும் ஆட்கள். யாரும் பேசவில்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"இப்ப உள்ள காட்டியிருப்பாங்க" என்றார் மெதுவாக.

உச்சியில் தீ எழுந்தது.