மூளைப் புறணியும் நம் மக்களின் கல்வியும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மனித மூளை எவ்வாறு நினைக்கிறது, எவ்வாறு உணர்கிறது என்பதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். நாம் பயின்றது வரலாறு, உடற்கூறு அன்று. ஆயினும், பிள்ளைகளின் மூளையை நம்பியே நம் பிழைப்பு இத்தனை ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்த நன்றிக்கடனுக்காகவேனும் அதனைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டாமா? ஆதலால் இசைந்தோம்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,350 கிராம். அதன் பெரும்பகுதியாகிய பெருமூளையின் மேற்புறத்தைச் சாம்பல் நிறமான ஒரு படலம் மூடியிருக்கிறது. அதற்குப் பெருமூளைப் புறணி என்று பெயர். புறணி என்றதும் நம் ஊர்த் திண்ணைகளில் பேசப்படும் புறணி நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கின்றீர்கள். அது வேறு, இது வேறு. மரத்திற்குப் பட்டை எவ்வாறோ, அவ்வாறு மூளைக்குப் புறத்தே அமைந்திருப்பதால் வந்த பெயர் இது. இதன் தடிப்பு 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். விரித்துப் பார்த்தால் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர். ஒரு பெரிய கைக்குட்டையின் அளவு. கைக்குட்டையைச் சிறு செம்புக்குள் திணித்தால் எவ்வாறு மடிப்பு மடிப்பாகச் சுருங்குமோ, அவ்வாறே மண்டையோட்டுக்குள் இப்படலம் மடிந்து கிடக்கிறது. இந்த மெல்லிய படலத்தில் மட்டும் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன.

புறணியை நான்கு மடல்களாகப் பிரித்துக் கூறுவர். பின்புறமுள்ள பிடரி மடல், கண் கொண்டுவரும் செய்தியைக் காட்சியாக்குகிறது. காதை ஒட்டிய பொட்டு மடல் ஒலியையும் சொல்லையும் அறிய உதவுகிறது. உச்சி மடல் தொடுவுணர்ச்சியையும் இடத்தையும் திசையையும் உணர்கிறது. நெற்றி மடலோ, திட்டமிடுவதற்கும், பின்விளைவை எண்ணிப் பார்ப்பதற்கும், "பொறு, அவசரப்படாதே" என்று நம்மைத் தடுத்து நிறுத்துவதற்கும் இன்றியமையாதது. இவை தனித்தனி அலுவலகங்கள் அல்ல. ஒரே வயலில் வரிசையாக நின்று நடவு நடும் கைகளைப் போல ஒன்று சேர்ந்தே வேலை செய்கின்றன.

நெற்றி மடலின் அருமையை உலகம் அறிந்துகொண்டது ஒரு வெடி விபத்தினால் என்பது வியப்பிற்குரியது. பெரம்பலூர்ப் பக்கம் கிணறு வெட்டும் வேலையில் பாறைக்குத் துளையிட்டு வேட்டு வைத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அதே வேலையைத்தான் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற 25 வயது இளைஞர், இருப்புப்பாதை அமைக்குமிடத்தில் செய்துகொண்டிருந்தார். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், மருந்தைக் கெட்டிக்கும்போது வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் இறக்கவில்லை. பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பும் நிதானமும் மிக்கவராக இருந்தவர், முன்கோபமும் நிலையற்ற மனமும் உடையவராக மாறிவிட்டார் என்று அவருக்கு மருத்துவம் செய்த ஹார்லோ எழுதிவைத்தார். சிதைந்தது நெற்றி மடல், மாறியது குணம். எனினும் அவர் பிற்காலத்தில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அடிபட்ட மூளையும் பழக்கத்தினால் ஓரளவு மீண்டு எழும் என்பதற்கு அதுவும் சான்று.

இனி, உணர்ச்சிக்கு வருவோம். மூளையின் உட்பகுதியில், வாதாங்கொட்டை வடிவில், அமிக்டலா என்றொரு சிறு பகுதி உண்டு. ஆபத்தையும் அவமானத்தையும் கண்டு அலறும் காவல்நாய் என்று அதனைக் கூறலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் நம்மைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுகிறான். கணப்பொழுதில் நெஞ்சு படபடக்கிறது, கை முறுக்கேறுகிறது. நாயின் குரைப்பைக் கேட்டு, வந்தவன் யார், செய்யத்தக்கது யாது என்று ஆராயும் வீட்டுக்காரன்தான் நெற்றி மடல். அடங்கிப் போ என்று நாம் சொல்ல வரவில்லை. கை ஓங்கினால் வழக்கு நம்மீது திரும்பும். நாளும் நேரமும் இடமும் சாட்சியும் குறித்து, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முறையாக மனு எழுதிக் கொடுத்தால் வழக்கு ஏசியவன்மீது நிற்கும். அந்த மனுவை எழுதுவது நெற்றி மடலின் வேலை. அதற்கும் சினம் வேண்டும். ஆனால் கடிவாளம் பூட்டிய சினம் வேண்டும்.

இளைஞர்களே, இந்த நெற்றி மடலின் முன்பகுதி முற்றும் முதிர்வதற்கு ஏறத்தாழ 25 வயது ஆகிறது என்பதை நினைவில் வையுங்கள். பதினைந்து வயதில் மதுவைத் தொடுபவன், பால் பிடிக்கும் பருவத்துக் கதிரில் மாட்டை அவிழ்த்து விடுகிறான்.

இவ்வளவும் கேட்டபின், நம்மவர் மனத்தில் நெடுங்காலமாக உறுத்தும் கேள்வி ஒன்று எழும். "நமக்கும் அதே மூளைதானா?" இக்கேள்வியை நம் தலையில் ஏற்றியவர்கள் உண்டு. 1891இல் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி, மூக்கின் அகலத்தைக் கொண்டே சாதியின் உயர்வு தாழ்வைக் கணிக்கலாம் என்று எழுதினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் மக்களின் தலைகளையும் மூக்குகளையும் கருவி வைத்து அளந்தார். அவ்வளவுகளால் ஒருவருடைய அறிவைப் பற்றி யாதொன்றும் அறிய இயலாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து உலகிற்கு அளித்தது. அத்தகைய படங்களில் அணுக்களைக் காணலாம், மடிப்புகளைக் காணலாம். சாதியைக் காண எந்த உருப்பெருக்கியும் இல்லை.

அவ்வாறாயின் நம் பிள்ளைகள் வகுப்பில் ஏன் தயங்கி நிற்கின்றனர்? இதற்கு விடை, நம் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த அப்பெரியார், கோயம்புத்தூரில் மாணவராயிருந்த காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். உடன் பயின்றோர் ஏறத்தாழ நானூறு பேரில் மிகப் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தினால் அவர் எவருடனும் பழகாமல், வெளியே இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் கண்ணில் படாமல் விரைந்து வெளியேறிவிடுவாராம். கணக்கும் இலக்கணமும் கற்க வேண்டிய மூளை, மணியோசைக்குக் காத்திருக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது!

இவ்வச்சம் மூளையின் வேலையை எவ்வளவு கெடுக்கும் என்பதை ஆய்வாளர் அளந்தும் பார்த்தனர். கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே என்ற இருவர், உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் உயர்சாதி மாணவர் 321 பேரையும் தாழ்த்தப்பட்ட மாணவர் 321 பேரையும் புதிர்வழிகளை விடுவிக்கச் செய்து, அதன் முடிவை 2004இல் வெளியிட்டனர். சாதியை வெளிப்படுத்தாதபோது இரு சாராரும் சமமாகவே விடுவித்தனர். ஒவ்வொருவனுடைய பெயரையும் சாதியையும் அனைவர் முன்னும் உரக்க அறிவித்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் பெரிதும் குறைந்தது. அதே சிறுவர்கள், அதே மூளை, அதே புதிர். நடுவே வந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. அப்போதைக்கு வேண்டியவற்றை நினைவில் ஏந்தி நிற்கும் நெற்றி மடலின் இடம் மிகச் சிறியது. அங்கே அச்சம் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டால், கணக்கு எங்கே உட்காரும்?

இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் ஆறாம் வகுப்பில் பயின்றபோது, உதவித்தொகைப் படிவம் வரும் நாளில், "எஸ்.சி. பையன்களெல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கூறுவார்கள். எழுந்து நின்ற அந்த நிமிடங்களில் கரும்பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அது போகட்டும். பிற்காலத்தில் ஆசிரியராகி, கையில் படிவத்தை வைத்துக்கொண்டு, அதே சொற்களை அதே குரலில் நாமும் கூறினோம். ஓராண்டு அன்று, பல ஆண்டுகள். நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறோம் என்றே எண்ணியிருந்தோம். இன்று நம் பள்ளியில் பெயர்கள் அழைக்கப்படுவதில்லை. படிவம் தனித்தனியே பெற்றோர் கைக்குச் செல்கிறது. அதற்கு ஒரு ரூபாயும் செலவாகவில்லை. முன்னரே செய்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் நீங்கவில்லை.

ஆயினும் நம்பிக்கை இழப்பதற்கு இடமில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்டு கல்லாகிப்போன மரம் அது. 18 மீட்டர் நீளம். இனி அதில் ஒரு துளிர் விடாது. மூளை அவ்வாறு கல்லாவதில்லை. லக்னோ அருகே, எழுத்தே அறியாத, முப்பது வயதையொட்டிய கிராமத்துப் பெண்களுக்கு ஆறு மாதம் படிக்கக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களது மூளையைக் கருவியால் படமெடுத்தனர். காட்சியை அறியும் பிடரிப் புறணிக்கும் மூளையின் உட்பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு வலுப்பெற்றிருந்ததாக 2017இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. ஆறே மாதம்! முந்திரிக்காட்டிலும் வெங்காய வயலிலும் வேலை செய்யும் நம் தாய்மார்களே, "இனி எங்களுக்கு என்ன படிப்பு" என்று இனியும் கூறாதீர்கள்.

முடிவாக, சங்கத்திற்கு நம் வேண்டுகோள் மூன்று. கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் தவறாமல் கிடைக்கச் செய்யுங்கள். குழந்தையின் புறணி கருவிலேயே உருப்பெறுகிறது. மாலைப் படிப்பகத்தில் பிள்ளைகளோடு தாய்மார்க்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று, சாதியைச் சொல்லி எழுப்பி நிறுத்தும் வழக்கம் இருந்தால், பணிவோடும் உறுதியோடும் அதனை நிறுத்தச் சொல்லுங்கள்.

சீனிவாசனார் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்தார். நம் பிள்ளைகள் மணி அடிக்குமுன்பே உள்ளே சென்று முதல் வரிசையில் அமரட்டும். அன்று அவர்கள் நெற்றியில் அச்சத்திற்கு இடமிராது; கணக்கிற்கு இருக்கும்.